சோல்பரி பிரபு எழுதாமல் விட்ட வரி

சோல்பரி பிரபுவின் பெயரைக் கேட்டவுடன் எம்மவரிற் பலருக்கு நினைவில் எழும் கதை மிகச் சுருக்கமானது. ஐம்பதுக்கு ஐம்பது கேட்டோம். வெள்ளைக்காரன் தர மறுத்தான். அதன் விளைவாக நாடிழந்தோம். மேடைக்கு ஏற்ற கதைதான். பிள்ளைகள் கேட்டாலும் ஒரே மூச்சிற் சொல்லிவிடலாம். ஆயினும் 1945 ஒக்டோபரில் வெளியான அவரது ஆணைக்குழு அறிக்கையையும், அதன்வழி வந்த அரசியல் யாப்பின் ஒரேயொரு பிரிவுக்கு அடுத்து வந்த கால் நூற்றாண்டில் நேர்ந்த கதியையும் ஆறுதலாக எடுத்து நோக்குவோர்க்கு, நோய் வேறோர் இடத்தில் இருந்தமை புலப்படும். அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் வாசகர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றலாம். அவ்வாறன்று என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியிற் காட்ட முயல்வோம்.

முதலில் ஆளைப் பற்றிச் சிறிது. ஹேர்வால்ட் றாம்ஸ்பொதம் என்பது அவரது இயற்பெயர். 1887 இற் பிறந்தவர். முதலாம் உலக யுத்தத்திற் போரிட்டு விருது பெற்றவர். 1929 முதல் 1941 வரை லங்காஸ்ரர் தொகுதியின் கன்சர்வேற்றிவ் கட்சி உறுப்பினராகப் பொதுமக்கள் சபையில் இருந்தார். 1940 - 41 இற் பிரித்தானியாவின் கல்வி அமைச்சுப் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1941 இற் பிரபுப் பட்டம் பெற்றுப் பிரபுக்கள் சபைக்குச் சென்றார். தீவிரவாதியுமல்லர், புரட்சியாளருமல்லர், நாடாளுமன்ற மரபிலேயே ஊறிய ஒரு நிதான புருஷர். இந்த நிதானமே பின்னர் எமக்கு வினையாயிற்று என்பது எமது துணிபு.

அவரை இலங்கைக்கு அனுப்பியது யுத்தம். நாம் இன்று குடியிருக்கும் அஜக்ஸ் நகரமும் அதே யுத்தத்தின் பிள்ளையே. 1941 இல் வயல்வெளியாகக் கிடந்த இவ்விடத்தில் எறிகணைத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு, 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கரையோரம் ஜேர்மனிய யுத்தக் கப்பலோடு பொருதிய பிரித்தானியக் கப்பலின் பெயர் சூட்டப்பட்டது. நாம் நாளும் வாகனம் ஓட்டிச் செல்லும் ஹார்வூட் அவெனியூ அச்சமரை நடத்திய கடற்படைத் தளபதியின் பெயரைத் தாங்கியது. அங்கே எறிகணை வேண்டியிருந்தது போல எமது தீவில் இறப்பர் வேண்டியிருந்தது. 1942 இல் மலாயா யப்பானியர் வசமான பின்னர், இயற்கை இறப்பருக்கு நேச நாடுகள் இலங்கையையே பெரிதும் நம்பியிருந்தன. திருகோணமலைத் துறைமுகம் இருந்தது. 1944 இல் மவுண்ட்பேற்றனின் தென்கிழக்காசியத் தலைமையகமே கண்டிக்கு வந்து சேர்ந்தது. இவ்வாறான ஒரு தீவின் அமைச்சர்களைப் பகைத்துக்கொள்ள இலண்டன் விரும்பவில்லை. யுத்தம் முடிந்ததும் உள்நாட்டு அலுவல்களில் முழுப் பொறுப்பாட்சி பற்றி ஆராயப்படும் என 1943 மே மாதத்தில் வாக்குறுதி வழங்கப்பட்டது அந்தச் சூழ்நிலையிற்றான்.

டி. எஸ். சேனநாயக்கா தலைமையிலான அமைச்சர்கள் தமக்கென ஒரு யாப்பு வரைவைத் தயாரித்தனர். அவ்வேளை இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஐவர் ஜெனிங்ஸ் அதற்குக் கை கொடுத்தார். சிறுபான்மையினரின் கருத்தையும் கேட்கவேண்டுமென்று கூறி ஆணைக்குழு ஒன்றை இலண்டன் அறிவித்ததும் அமைச்சர்கள் சினந்து வரைவை மீளப் பெற்றனர். ஆணைக்குழுவைப் பகிரங்கமாகப் பகிஷ்கரித்தனர். பகிஷ்கரிப்பு வெளிவாசலில் மட்டுமே. சோல்பரியும், வேல்ஸ் நாட்டுக் கல்விமான் றீஸும், புகையிரதத் தொழிற்சங்கத் தலைவராக இருந்த பறோஸும் 1944 டிசம்பரில் வந்திறங்கி, அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை தீவில் தங்கியிருந்தபோது, சேனநாயக்காவும் ஒலிவர் குணதிலகாவும் விருந்துகளிலும் சுற்றுப் பயணங்களிலும் தனிப்பட்ட முறையில் அவர்களைச் சந்தித்து வந்தனர். கொழும்பு நகர மண்டபத்தில் ஜி. ஜி. பொன்னம்பலம் மணிக்கணக்காக நின்று புள்ளிவிபரங்களை அடுக்கிக்கொண்டிருக்க, மறுபக்க வாதம் சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்டிருந்தது. அரசியலில் எது கூடுதல் வலிமையுடையது என்பதை வாசகர்கள் அறிவர்.

ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையைச் சோல்பரி ஏற்கவில்லை. செயற்கையான ஏற்பாட்டினால் ஒரு பெரும்பான்மையைச் சிறுபான்மையாக்க முயல்வது நியாயமுமாகாது, நிலைக்கவுமாட்டாது என்பது அவரது வாதம். இவ்வாதத்தில் நியாயம் எதுவுமில்லை என்று நாம் கூறமாட்டோம். 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி சனத்தொகையில் ஏறத்தாழ 70 வீதமாக இருந்த ஓரினத்தை 50 வீத ஆசனங்களுக்குள் அடக்குவதை உலகின் எந்த ஆணைக்குழுவும் இலகுவில் ஏற்றிராது. ஆகவே அவர் மறுத்ததை வைத்து அவரை எடைபோடுவது பயனற்றது. மறுத்ததற்கு மாற்றாக எதைத் தந்தார் என்பதே கேள்வி.

தந்தவை சில வேலிகள். 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, ஒவ்வொரு மாகாணத்திலும் 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் மேலதிகமாக வழங்கப்பட்டது. பரந்த நிலமும் சிதறிய குடிகளும் கொண்ட வடக்குக் கிழக்குக்கு இதனாற் சிறிது பலன் கிட்டுமென எதிர்பார்க்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்படும் 95 பேரில் 58 பேர் சிங்களவர், 15 பேர் இலங்கைத் தமிழர், 14 பேர் இந்தியத் தமிழர், 8 பேர் முஸ்லிம்கள் ஆகலாம் என்பது அமைச்சர்கள் போட்ட கணக்கு. 30 பேர் கொண்ட மூதவை ஒன்று வந்தது. அரசாங்க சேவை ஆணைக்குழு ஒன்று வந்தது. யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமென விதிக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் கடும் எதிர்ப்பைச் சம்பாதித்த, அச்சமூகத்துக்குப் பாரிய அநீதி இழைக்கக்கூடிய மசோதாவை முடியின் முடிவுக்கென ஒதுக்கிவைக்கும் அதிகாரம் மகா தேசாதிபதிக்கு அளிக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலாக 29 ஆம் பிரிவின் 2 ஆம் உபபிரிவு. ஒரு சமயத்தின் சுதந்திர வழிபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது. ஏனைய சமூகத்தவர் மீது விதிக்கப்படாத தடைகளை ஒரு சமூகத்தவர் மீது விதிக்கலாகாது. ஏனையோர்க்கு இல்லாத சலுகையை ஒரு சமூகத்துக்கு வழங்கலாகாது. சமய நிறுவனம் ஒன்றின் அமைப்பு விதிகளை அதன் சம்மதமின்றி மாற்றலாகாது. மீறி ஆக்கப்படும் சட்டம், மீறிய அளவுக்குச் செல்லாது. இப்பிரிவு சோல்பரியின் சொந்தக் கண்டுபிடிப்பன்று. அமைச்சர்களின் வரைவிலேயே இருந்ததைத்தான் அவர் எடுத்தாண்டார். எம்மவர் மேடைகளில் இவ்வுண்மை ஏனோ பேசப்படுவதில்லை.

இன்னொன்றும் பேசப்படுவதில்லை. வாக்குரிமையும் குடிவரவும் இலங்கைச் சட்டசபையின் உள்வீட்டு அலுவல்கள், அவை பற்றிய மசோதாக்களை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்று அதே அறிக்கை விதந்துரைத்தது. மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தமிழர் 1946 இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர்; அன்றைய கணக்கில் வடக்குக் கிழக்குத் தமிழரிலும் கூடிய தொகையினர். அவர்களது வாக்கு யார் கையில் இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு, அவ்வாக்கைப் பறிக்க விரும்பியோர் கையிலேயே என்று பதில் எழுதப்பட்டது. வேலி போட்டவரே ஒரு பக்கத்துப் படலையைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

1945 நவம்பரில் அரசாங்க சபையில் இத்திட்டத்தை ஏற்கும் பிரேரணை 51 க்கு 3 என்ற வாக்குகளால் நிறைவேறியது. சபையில் இருந்த இலங்கைத் தமிழ் உறுப்பினர்கள் ஆதரவாகவே வாக்களித்தனர். ஜி. ஜி. அவ்வேளை இலண்டனில் வாதாடிக்கொண்டிருந்தார். எதிர்த்து நின்ற சிலருள் இந்திய வம்சாவளிப் பிரதிநிதிகள் இருந்தனர். எது வரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது போலும்.

வந்தது விரைவாகவே வந்தது. 1947 நவம்பரில் இலங்கைச் சுதந்திர மசோதா பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் விவாதிக்கப்பட்டு, டிசம்பர் 10 இல் அரச சம்மதம் பெற்றது. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் தளங்களைத் தொடர்ந்து வைத்திருக்க வழி செய்யும் பாதுகாப்பு ஒப்பந்தம் அதற்கு முன்னரே கையெழுத்தாகியிருந்தது. சுதந்திரத்தோடு மகா தேசாதிபதியின் ஒதுக்கிவைக்கும் அதிகாரம் நீங்கிற்று. சுதந்திர நாடொன்றுக்கு அத்தகைய மேற்பார்வை பொருந்தாது என்பது உண்மைதான். ஆயினும் நீக்கப்பட்டதற்கு ஈடாக வேறெதுவும் வைக்கப்படவில்லை. வேலிகளில் ஒன்று இவ்வாறு இரண்டே ஆண்டுகளிற் சாய்ந்தது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 'தமிழர்' என்ற சொல்லையோ 'இந்தியர்' என்ற சொல்லையோ அதிற் காணமுடியாது. வம்சாவளியாற் பிரசை என்று கூறுபவர் தமது தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்ததைக் காட்டவேண்டும், அவ்வளவே. லயத்தில் வாழ்ந்த தொழிலாளி தன் பாட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவான்? அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் பதிவுக்கு ஒடுங்கிய வாயிலொன்றைத் திறந்தது. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசையல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. 1947 இல் 7 உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952 இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. இதில் ஒரு கணக்குச் சூழ்ச்சியும் உண்டு: வாக்கிழந்த அம்மக்கள், ஆசனங்களை நிர்ணயிக்கும்போது மட்டும் சனத்தொகையில் எண்ணப்பட்டனர். அவர்களின் தலைகளாற் கூடிய ஆசனங்களை, அவர்களுக்கு வாக்கில்லாத தொகுதிகளில் வேறு வாக்காளர் நிரப்பினர். 75,000 க்கு ஒன்று என்ற சோல்பரியின் விதி இதற்கெனவே எழுதப்பட்டதோ என்று தோன்றுமளவுக்குப் பொருந்திற்று.

இந்தத் தேர்தல் திருத்தம் சட்டமான வேளையில் மகா தேசாதிபதி பதவியில் இருந்தவர் யார்? 1949 யூலையில் அப்பதவியை ஏற்ற சோல்பரி பிரபுவே. 29 ஆம் பிரிவை விதந்துரைத்த அதே மனிதர், ஆட்சித் தலைவராக அமர்ந்திருந்த ஆண்டிலேயே இது நிகழ்ந்தது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஒழுகுவது அவரது கடமை. மரபு அவரை வேறொன்றும் செய்ய விட்டிராது. அதனாலேதான் அவரது நிதானம் எமக்கு வினையாயிற்று என்றோம். மரபறிந்த கனவான்கள் ஆளும்வரை எதுவும் பிழைக்காது என்று எண்ணி யாப்பு எழுதியவர், தாமே மரபறிந்த கனவானாக இருந்து அது பிழைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

எம்மவர் பக்கத்தையும் மறைப்பதற்கில்லை. 1948 செப்டெம்பரில் அமைச்சரவையிற் சேர்ந்த ஜி. ஜி. பொன்னம்பலம், இந்திய, பாகிஸ்தானியர் மசோதாவுக்கு ஆதரவளித்தார். எதிர்த்துப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இடதுசாரிகளும் எதிர்த்தனர், கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுள் ஒருவர். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இருந்தனர். கேகாலை மாவட்டத்தில் வாக்காளர் இடாப்பிற் பெயர் சேர்க்க மறுக்கப்பட்ட ஒருவர் தொடர்ந்த வழக்கு கோடாகன்பிள்ளை வழக்கு என அறியப்படும். இடாப்பைத் திருத்தும் அதிகாரி, இச்சட்டங்கள் 29 ஆம் பிரிவை மீறுவன என்று துணிந்து தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் 1951 இல் அதை மாற்றியது. இலண்டன் கோமறைக் கழகம் 1953 இல் மாற்றத்தை உறுதி செய்தது. தனது பிரசைகள் யார் என நிர்ணயிப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான அலுவல் என்றும், ஒரு சமூகத்தை ஒதுக்கும் சட்டமாக இதைக் கொள்ள முடியாதென்றும் கோமறைக் கழகம் கண்டது. சட்டத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அது யாருடைய அடிவயிற்றில் விழுந்தது என்று பார்க்கவில்லை.

அடுத்தது கோடீஸ்வரன் வழக்கு. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தின் கீழ், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் 1962 இற் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் அவர். 1964 இற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், அந்த மொழிச் சட்டமே 29 ஆம் பிரிவை மீறுகிறது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு கணம் கதவு திறந்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்கிட முடியாது என்று கூறி மொழிக் கேள்வியையே தொடாமல் மேன்முறையீட்டை முடித்தது. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம், வழக்கிட முடியும் என்றும், மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை உயர் நீதிமன்றமே ஆராயட்டும் என்றும் திருப்பி அனுப்பியது. அந்த ஆராய்வு இன்றுவரை நடைபெறவில்லை. 1971 இற் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது, மூதவையும் ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 இற் குடியரசு யாப்பு வந்தது. 29 ஆம் பிரிவு அதில் இல்லை. 1964 இல் வேறொரு வழக்கில் கோமறைக் கழகத்து நீதிபதிகள், இப்பிரிவே சமூகங்கள் இந்த யாப்பை ஏற்றுக்கொண்டதன் அடிப்படை நிபந்தனை, ஆகவே மாற்ற முடியாதது என்ற கருத்தையும் போகிற போக்கிற் கூறியிருந்தனர். அதற்கு எட்டே ஆண்டுகளின் பின் அது போயிற்று. புதிய யாப்பைப் பொறுப்பேற்று ஆக்கிய அமைச்சர், 1948 இல் எமக்காக வாதாடிய அதே கொல்வின் ஆர். டி சில்வா.

இவ்விடத்தில் எம்மவருள் ஒரு சாரார் பெருமூச்சு விடுவர்: 29 ஆம் பிரிவு மட்டும் இருந்திருந்தால்! இப்பெருமூச்சில் எமக்கு உடன்பாடில்லை. அது இருந்த 24 ஆண்டுகளிற்றான் மலையகத் தமிழர் நாடற்றோராயினர். தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையால் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்திடப்பட்டது. பிரிவு இருந்தது, பயன் இருக்கவில்லை. ஏன்?

அப்பிரிவு பாராளுமன்றத்தை நோக்கிப் பேசியது. மனிதனை நோக்கிப் பேசவில்லை என்பதே காரணம். 'பாராளுமன்றம் இவ்வாறான சட்டம் ஆக்கலாகாது' என்றது. 'ஒவ்வொருவருக்கும் இந்த உரிமை உண்டு. அது மீறப்பட்டால் அவர் நீதிமன்றத்திற் பரிகாரம் பெறலாம்' என்ற வரி அதில் இல்லை. வாக்கிழந்தவன் இடாப்புத் தகராறு என்ற சந்து வழியாகவும், எழுதுவினைஞன் சம்பளத் தகராறு என்ற சந்து வழியாகவும் அப்பிரிவை அணுகவேண்டியிருந்தது. பொலிஸ்காரனோ உத்தியோகத்தனோ சட்டமின்றிச் செய்யும் அநீதிக்கு அப்பிரிவு பதிலே சொல்லவில்லை.

1972 இலும் 1978 இலும் வந்த யாப்புகளில் அந்த வரி வந்தது. அடிப்படை உரிமைகள் என்ற அத்தியாயமே வந்தது. 1978 யாப்பின் கீழ், உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நேரே நாடலாம். ஆனால் அதே கையால் மற்றதை எடுத்துவிட்டார்கள். பாராளுமன்றம் நிறைவேற்றி முடித்த சட்டமொன்றின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என 1978 யாப்பின் 80 ஆம் உறுப்புரை கூறுகிறது. மசோதாவாக இருக்கும் சில நாட்களுக்குள் வாதாடினால் உண்டு, தவறினால் இல்லை. 16 ஆம் உறுப்புரையோ முன்பிருந்த சட்டங்களை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லும் என்று காத்து நிற்கிறது. 1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் இத்தகைய காப்பரணுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது. சோல்பரி யாப்பிற் சட்டத்தை வீழ்த்தும் வலு இருந்தது, உரிமையுள்ள மனிதன் இருக்கவில்லை. பின்னைய யாப்புகளில் உரிமையுள்ள மனிதன் இருக்கிறான், சட்டத்தை வீழ்த்தும் வலு இல்லை. எமது நாட்டில் இவ்விரண்டும் ஒரே தாளிற் சந்தித்ததேயில்லை. பல்கலைக்கழகத்தில் இதனைப் பரீட்சைக்கான நாலு வரிக் குறிப்பாகவே நாம் கற்பித்து வந்தோம் என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

சோல்பரி தாமே இதை உணர்ந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கேம்பிறிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபாமர் இலங்கையின் இனப்பிளவு பற்றி எழுதி 1963 இல் வெளிவந்த நூலுக்கு அணிந்துரை எழுதுகையில், இந்தியா போன்ற நாடுகளின் யாப்புகளில் உள்ளவாறு அடிப்படை உரிமைகளுக்கான உத்தரவாதத்தையும் ஆணைக்குழு விதந்துரைக்காமற் போனது வருந்தத்தக்கது என்ற கருத்தை வெளியிட்டார். பதவியை விட்டு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த வருத்தம். 1971 ஜனவரியில் அவர் காலமானார். தம் யாப்பு அடக்கம் செய்யப்படுவதைப் பார்க்க இருக்கவில்லை.

அவரது மூத்த மகன் கதையை எம்மூர்ப் பெரியோர் அறிவர். கொழும்புத்துறை யோகர் சுவாமிகளின் சீடராகி, சந்தசுவாமி என்ற பெயரோடு மட்டக்களப்பு செங்கலடிச் சிவதொண்டன் நிலையத்தில் வாழ்ந்தவர் அவர். தந்தையின் பிரபுப் பட்டம் அவருக்கே வந்தது. வேட்டி கட்டிய அந்தத் துறவிக்கு அதனால் ஆகவேண்டியது ஒன்றுமிருக்கவில்லை. தந்தை எங்கள் நாட்டுக்கு ஒரு யாப்பைக் கொண்டுவந்தார், மகன் எங்கள் நாட்டிலிருந்து ஒரு குருவைக் கண்டுகொண்டார். இருவருள் யாருக்குக் கிடைத்தது நிலைத்தது என்று கேட்டால் பதில் கடினமன்று.

இனி, இந்த நாட்டுக்கு வருவோம். 1982 இற் கனடா தனது உரிமைகள், சுதந்திரங்கள் பற்றிய சாசனத்தை நிறைவேற்றியது. அதன் 7 ஆம் பிரிவு 'ஒவ்வொருவருக்கும்' என்று தொடங்குகிறது. 'பிரசைகளுக்கு' என்றில்லை. அக்காலத்தில் இங்கு அகதி நிலை கோரியவர்கள் தீர்மானிப்பவர்களின் முகத்தையே பார்க்கமுடியாது. குடிவரவு அதிகாரி ஒருவர் கேள்வி கேட்டுப் பதிவு செய்வார். அந்தக் காகிதம் ஒட்டாவாவுக்குப் போகும். காகிதத்தை வாசித்து முடிவு வரும். நிராகரிக்கப்பட்ட சிலர், பெரும்பாலும் சீக்கியர், உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1985 ஏப்ரல் 4 இல் வந்தது சிங் வழக்கின் தீர்ப்பு. 'ஒவ்வொருவர்' என்பதில் இந்த மண்ணில் நிற்கும் அகதிக் கோரிக்கையாளரும் அடங்குவர். நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் வைத்துக் கேட்காமல் முடிவு செய்வது சாசனத்துக்கு முரண் என மூன்று நீதிபதிகள் கூறினர். ஏனைய மூவர் 1960 ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்தை வைத்து அதே முடிவுக்கு வந்தனர். அடுத்த ஆண்டு ஓகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர் கரைசேர்ந்தனர்.

இன்று அஜக்ஸிலோ ஸ்காபரோவிலோ இருந்து நேர்முக விசாரணைக்கு அழைப்புக் கடிதம் பெற்று, உறக்கமின்றிக் காத்திருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் இதை அறிதல் வேண்டும். அந்த அறையில் உங்கள் கதையைக் கேட்க ஒருவர் எதிரே அமர்ந்திருப்பது ஒரு நாட்டின் பெருந்தன்மையால் மட்டுமன்று. ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு பிரசையல்லாத சிலர் வழக்காடினர். கேகாலையில் வாக்குக் கேட்டவருக்கு அவ்வாறு பிடிக்க ஒரு சொல் இருக்கவில்லை.

அதற்காக இச்சாசனத்தைத் தேவாரம் போல் ஓதவேண்டுமென்று நாம் கூறவரவில்லை. இதிலும் ஒரு படலை உண்டு. 'எது எவ்வாறிருப்பினும்' என்று தொடங்கும் ஏற்பாட்டைக் கொண்ட 33 ஆம் பிரிவின்படி, 7 ஆம் பிரிவு உட்படப் பல உரிமைகளை ஒரு சட்டசபை சாதாரணப் பெரும்பான்மையால் ஐந்தாண்டுக்கு ஒதுக்கிவைக்கலாம், புதுப்பித்துக்கொண்டும் போகலாம். சோல்பரி யாப்பில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. இங்கு அதுவும் வேண்டாம். கியூபெக் மாகாணம் 2019 இல் அரசாங்க ஊழியர் சிலரின் சமயச் சின்னங்களைத் தடைசெய்ய இதைப் பாவித்தது. தலைப்பாகையும் முக்காடும் அணிந்த ஆசிரியர்கள் பாதிக்கப்பட்டனர். எமது ஒன்ராறியோவில் 2022 நவம்பரில், பாடசாலைத் துப்புரவாளர், உதவியாளர் முதலிய ஏறத்தாழ 55,000 தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையை மறுக்க இதே பிரிவு பாவிக்கப்பட்டது. சட்டம் நிறைவேறிய மறுநாளே அவர்கள் வெளிநடப்புச் செய்தனர். ஏனைய தொழிற்சங்கங்களும் பக்கத்தில் வந்து நின்றன. இரு வாரத்துக்குள் அச்சட்டம், ஒருபோதும் நடைமுறையில் இருந்ததில்லை எனக் கொள்ளும் வகையில் நீக்கப்பட்டது.

நீதிமன்றம் அதைச் செய்யவில்லை, செய்யவும் வேண்டியிருக்கவில்லை. பாதிக்கப்படாத சங்கங்கள் பக்கத்தில் வந்து நின்றதைத்தான் நாம் இங்கு கவனிக்கிறோம். 1949 இல் யாழ்ப்பாணத்து வாக்கு பறிபோகவில்லை; தோட்டத்து வாக்கே போயிற்று. அன்று எமது நகரங்களிற் கடையடைத்துத் தெருவில் இறங்கியோர் எத்தனை பேர்?

நாட்டில் புதிய யாப்புப் பற்றிய பேச்சு ஆட்சிக்கு ஆட்சி எழுகிறது. புலம்பெயர் அமைப்புகளும் மனுக்கள் எழுதுகின்றன. அதிகாரப் பகிர்வு, மொழி, நிலம் என்று நியாயமான தலைப்புகள் அவற்றில் உண்டு. அவற்றோடு 80 ஆம் உறுப்புரையும் 16 ஆம் உறுப்புரையும் நீங்கவேண்டும் என்ற கோரிக்கை சேரட்டும். சமஷ்டியே கிடைத்தாலும் அவ்விரண்டும் இருக்கும்வரை, மாகாணத்துக்குத் தரப்பட்டதை ஒரு சட்டத்தால் நெருக்கும்போது எந்த நீதிமன்றப் படியையும் மிதிக்கமுடியாது.

பிள்ளைகள் விடயத்தில் எமக்கு ஒரு சிறு வேண்டுகோள் உண்டு. ஏப்ரல் 4 கனடாவில் அகதிகள் உரிமை நாளாக நினைவுகூரப்படுகிறது. அஜக்ஸ், பிக்கரிங், ஸ்காபரோ பகுதிகளிற் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துவோர் அதற்கு முந்திய வகுப்பில் ஒரே தாளின் ஒரு பக்கத்தில் 29 ஆம் பிரிவையும் மறுபக்கத்திற் சாசனத்தின் 7 ஆம் பிரிவையும் அச்சிட்டு, மேல்வகுப்புப் பிள்ளைகளின் கையிற் கொடுத்து, இரண்டில் எதைக் கொண்டு நீங்கள் வழக்காடுவீர்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும். இரு பிரிவுகளுக்குமான தமிழாக்கம் வேண்டுவோர் இப்பத்திரிகையின் முகவரிக்கு எழுதினால் அனுப்பி வைப்போம்.